காதில் விழுந்ததும் கேட்டதும்

எங்கள் ஊரில் பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குட்டிச்சுவர் இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் தார் ரோடு போகிறது. ரேடியோவைப் பற்றி எழுத வந்தவன் சுவரைப் பற்றி ஏன் ஆரம்பிக்கிறான் என்று தோழர்கள் கேட்கலாம். எங்கள் சனத்துக்கு ரேடியோ அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது.

ஊர் இருப்பது பழைய வட ஆற்காடு மாவட்டத்தில். 1950களின் நடுவில் பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோ வந்திருக்கிறது. அரசாங்கம் கொடுத்த பெட்டி, பேட்டரியில் ஓடுவது. சாயங்காலமானால் அதைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்து, அதற்கென்று இருந்த ஆள் திருகுவார். திண்ணைமேல் ஊர்ப் பெரியவர்கள். திண்ணைக்குக் கீழே மண்தரையில் ஊரிலிருந்த மற்ற சாதிக்காரர்கள். சேரிக்குத் திண்ணையும் கிடையாது, மண்தரையும் கிடையாது. கட்டடத்துக்குப் பின்பக்கம் நெல்லடிக்கிற களம். களத்தோரம் அந்தச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றால், நாய் குரைக்காமல் இருந்து காற்றும் எதிர்த்து அடிக்காமல் இருந்தால், பாட்டும் பேச்சும் காதில் விழும். நின்று கேளுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. விரட்டவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஆயா, அப்பாவைப் பெற்றவள். ஆனால் ஆயா அந்தச் சுவரோரம் ஒருநாளும் நின்றதில்லை. பொழுது சாய்ந்தபின் பொம்பளைகளுக்குக் களத்துப் பக்கம் என்ன வேலை? தாத்தா கேட்டுவிட்டு வந்து சொன்னதைக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டவள் அவள். "எனக்கு ரேடியோன்னா உங்க தாத்தாதான்டா" என்பாள். இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவேன்.

அப்படிச் சுவரோரம் நின்று கேட்பது சரியா தப்பா என்று சேரிக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. தாத்தாவுக்குப் பெரியப்பா முறை ஒருவர் சொல்வாராம்: "கெணத்துல எறங்குனா தண்ணி தீட்டுங்கறான். கோயில்ல நொழஞ்சா சாமி தீட்டுங்கறான். காத்த இன்னாடா பண்ணுவான்? காத்துக்கு வேலி போட்ருவானா? நம்ம நிக்கிற எடத்துக்குத் தானா வருது. அதுக்கு மேல அவன் திண்ணையில ஏறி நமக்கு இன்னா ஆவணும்?"

தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "காதுல வுழுறது வேற பெரிப்பா. கேக்கறது வேற."

இரண்டு பேரும் கைநாட்டு. ஆனால் அவர்கள் பேசியது தத்துவம் இல்லை என்று எந்தப் பேராசிரியர் வந்து சொன்னாலும் நான் ஏற்கப்போவதில்லை. ஒரு நல்ல பொருள் நமக்குத் தடுக்கப்படவில்லை. நமக்கென்று கொடுக்கப்படவும் இல்லை. வேறு யாருக்கோ வைத்தது வழிந்து நம் பக்கம் வருகிறது. அதை எடுத்துக்கொள்வது உரிமையா? எச்சிலா? சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நல்ல சங்கீதத்தை ரசித்தவன் சுதந்திரமாக ரசித்தானா, சுவரையும் சேர்த்து ஒப்புக்கொண்டு ரசித்தானா?

பெரியப்பா கட்சியை லேசில் தள்ளிவிட முடியாது. ஒலிபரப்பு என்கிற காரியமே அவர் சொன்னதைப் போன்ற ஒரு நம்பிக்கையோடுதான் இந்த மண்ணுக்கு வந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கியது 1924 மே மாதம். ஜூலை 31இல் ஒலிபரப்பு ஆரம்பம். கையில் காசில்லாமல் 1927இல் கிளப் படுத்துவிட்டது. கருவிகள் சென்னை மாநகராட்சிக்குக் கைமாறின. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். சபாவில் டிக்கெட் வாங்கி நுழைய முடியாதவன் மணலில் உட்கார்ந்து சங்கீதம் கேட்கலாம். நீ யார், எந்தத் தெரு என்று ஒலிபெருக்கி விசாரிக்காது. பட்டணத்தில் அது பெரிய விஷயம்தான். நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அதே 1924ஐ இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றுகிறார். பொதுத் தெருவில் நடக்க, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, பொது அலுவலகத்தில் நுழைய ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடை இருக்கக் கூடாது என்று. அதே ஆண்டு வைக்கத்தில், கோயிலுக்குள் போக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் தொடங்குகிறது. ஒரு பாட்டு கம்பியே இல்லாமல் எத்தனை தெருவையும் தாண்டிப் போகலாம். ஒரு மனுசன் ஒரு தெருவைத் தாண்டச் சட்டமன்றத்தில் கைதூக்க வேண்டியிருந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறந்தது. பொது இடங்களில் தீண்டாமையைத் தடுக்க எம்.சி. ராஜா முயன்று கொண்டுவந்த சிவில் தடை நீக்கச் சட்டமும் அதே 1938தான். தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955. எங்கள் சுவர் இந்த இரண்டு சட்டத்துக்குப் பிறகும் நின்றது.

ஒலிக்குச் சாதியில்லை என்பதும் அரை உண்மைதான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், படேல் தகவல் இலாகாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சொந்த வாழ்க்கை சரியில்லாதவர்கள் வானொலியில் பாடக் கூடாது என்று ஒரு விதி வந்தது. அடிபட்டது யார்? தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த குலத்துப் பெண்கள். கேட்கிற காதுக்கு வேலி போட முடியாது. பாடுகிற தொண்டைக்குப் போடலாமே.

காதும் ஒன்றும் வேலியில்லாத உறுப்பாக இருந்துவிடவில்லை. வேதத்துக்கே சுருதி என்றுதான் பெயர். கேட்கப்படுவது. யார் கேட்கலாம் என்பதற்குக் கௌதம தர்மசூத்திரம் விதி சொல்கிறது. சூத்திரன் கேட்டுவிட்டால் உலோகத்தையும் அரக்கையும் உருக்கிக் காதில் ஊற்று. சூத்திரனுக்கே அந்தக் கதி என்றால் அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு விதி எழுதவே அவர்கள் மெனக்கெடவில்லை. இதை வைத்துப் பார்க்கும்போது பெரியப்பாவின் சந்தோஷம் எனக்குப் புரிகிறது. ஆயிரம் வருஷமாகக் காதை அடைத்துவைத்த கூட்டத்தின் திண்ணையிலிருந்தே ஒரு சத்தம் கிளம்புகிறது, அதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. இதைவிடக் கொண்டாட்டம் என்ன வேண்டும்? அவர் அடிமை மனசுக்காரர் என்று ஒரு காலத்தில் நான் மேடையில் பேசியிருக்கிறேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

இருந்தாலும் தாத்தாவின் வார்த்தைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. தமிழில் 'கேள்' என்கிற சொல் விசேஷமானது. காதால் கேட்பதற்கும் அதுதான், கேள்வி கேட்பதற்கும் அதுதான், கூலி கேட்பதற்கும் அதுதான். வள்ளுவர் 'கேள்வி' என்று ஒரு அதிகாரம் வைத்தது கற்றவர் சொல்வதைக் காதால் கேட்பது பற்றி. இன்றைக்கு நாம் கேள்வி என்றால் வினா. வகுப்பில் இதை ஒருசொல் பலபொருள் என்று சொல்லித்தந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். எம்.ஏ. முடித்து வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது, இது பல பொருள் இல்லை, ஒரே பொருளின் இரண்டு முனை என்று. நான் உன்னைக் கேட்கிறேன் என்றால், உன் பேச்சைக் கேட்பதும் உன்னைத் திருப்பிக் கேட்பதும் சேர்ந்ததுதான். திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் நடப்பது கேட்பது ஆகாது. காதில் விழுவது.

தாத்தா இலக்கணம் படித்து இதைச் சொல்லவில்லை. அவருக்கு அது தொழிலிலிருந்து தெரியும். ரேடியோ வருவதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு ரேடியோவே அவர்தான். அவருக்கு முன் அவருடைய அப்பா. கிஸ்தி கட்ட நாள் குறித்தாலும், ஏரி மீன் ஏலம் விட்டாலும், காப்புக் கட்டினாலும், ஊரில் பெரிய சாவு விழுந்தாலும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல வேண்டும். சாவென்றால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். மற்ற நாளில் செருப்பு போட்டு நடக்க முடியாத தெருவில் தமுக்கு அடிக்கிற நாளில் மட்டும் நடுவில் நின்று சத்தம் போடலாம். அந்த நேரத்தில் தொண்டை அவருடையது, சொல் அவருடையது இல்லை. ஊர் சொல்லச் சொன்னதைச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. யாராவது வாசலுக்கு வந்து, "ஏய், இன்னாடா சொன்ன? திருப்பிச் சொல்லு" என்பார்கள். அவர் நின்று திருப்பிச் சொல்வார். எந்தத் தேதி, எவ்வளவு, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வார். அதிகாரத்தோடு கேட்கிற கேள்விதான், மரியாதை இல்லாத கேள்விதான். இருந்தாலும் அங்கே கேட்பதும் சொல்வதும் நடந்தது. இந்தப் பின்னணியோடுதான் அந்தச் சாயங்காலத்தைப் பார்க்க வேண்டும்.

1956 டிசம்பர் 6. வியாழக்கிழமை. தாத்தா வேலை முடிந்து வழக்கம்போல் சுவரோரம் நின்றிருக்கிறார். கூட நாலைந்து பேர். சேரிக்கு அம்பேத்கர் பெயர் புதிசில்லை. தங்கவயலில் சுரங்க வேலைக்குப் போன உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் அவரைப் பற்றிப் பேசுவார்கள். 1944இல் அவர் சென்னைக்கு வந்துபோனதைச் சொல்வார்கள். அந்த அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய சேதியும் தங்கவயல் வழியாக வந்து சேர்ந்திருந்தது. ரேடியோவில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் என்ற பெயர் காதில் விழுகிறது. டில்லி என்று விழுகிறது. காலமானார் என்று விழுந்ததா இல்லையா என்று சந்தேகம். அதற்குள் திண்ணையில் யாரோ ஏதோ சொல்ல, பெட்டிக்காரர் திருகிவிட்டார். வேறெங்கோ ஒரு பாட்டு.

வேண்டுமென்றே திருகினார்களா? ஆயா அப்படிச் சொல்லவில்லை. "அவங்களுக்கு அது ஒரு சேதியே இல்லடா" என்றுதான் சொன்னாள். வேண்டுமென்று திருகியிருந்தாலாவது அவர்களுக்கு அது ஒரு சேதி என்றாகியிருக்கும்.

தாத்தா சுவரைச் சுற்றிக்கொண்டு கட்டடத்தின் முன்பக்கம் போனார். போகக் கூடாத இடம். மண்தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் விலகினார்கள். திண்ணைக்குக் கீழே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்: "சாமி, அத்த இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. சரியா கேக்கல."

திண்ணையில் சிரித்தார்கள். ஒருவர் சொன்னாராம்: "ரேடியோ இன்னா உன் பறையாடா, திருப்பி அடிக்கச் சொல்றதுக்கு?"

இந்த ஒரு வரியை என்னிடம் சொல்லும்போதெல்லாம் ஆயாவும் லேசாகச் சிரிப்பாள். அது என்ன சிரிப்பு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எந்திரம் திருப்பிச் சொல்லாது என்பது உண்மைதானே. அறியாமல் கேட்டுவிட்டார் மனுசன் என்பதுதான் மேலுக்குத் தெரிவது. ஆனால் அவர் எந்திரத்தைக் கேட்கவில்லை. திண்ணையில் இருந்தவர்களைக் கேட்டார். அவர்கள் செய்தியைக் கேட்டவர்கள். "ஆமாண்டா, செத்துட்டாராம்" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். வாழ்க்கை முழுக்க அவர்கள் திருப்பிச் சொல் என்றபோதெல்லாம் நின்று சொன்ன மனுசன், ஒரே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

ரேடியோ ஒரு வழிப்பாதையாக இருப்பதுதான் அதன் குறை, கேட்பவனையும் பேசவைக்கிற கருவியாக அதை மாற்ற வேண்டும் என்று பெர்தோல்ட் பிரெக்ட் 1932இலேயே எழுதினார். படிக்கும்போது எனக்கு மலைப்பாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர்த் திண்ணையை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு இடம் விட்டுப்போகிறது. கருவி ஒருவழியாக இருந்தால் என்ன? கருவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாய் இருந்ததே.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1954 அக்டோபர் 3ஆம் தேதி, அம்பேத்கரே அகில இந்திய வானொலியில் பேசினார். தம் வாழ்க்கைத் தத்துவத்தைப் பற்றிய பேச்சு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிடமிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்றார். சட்டம் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் ஓரளவு காவல் நிற்கலாம், ஆனால் சட்டத்தை எவனும் மீறலாம், உண்மையான காவல் சகோதரத்துவம்தான் என்பது அந்தப் பேச்சின் சாரம். இங்கிலீஷ் பேச்சு. எங்கள் சுவர் அதைப் பிடித்திருக்காது, பிடித்திருந்தாலும் தாத்தாவுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவர் சொன்ன சகோதரத்துவம் எவ்வளவு பெரிய விஷயம், எவ்வளவு சின்ன விஷயம் என்பதற்கு எனக்கு அந்தத் திண்ணையைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. பெட்டியைக் கொஞ்சம் திருப்பிவைப்பது. விட்டுப்போன வார்த்தையை எடுத்துச் சொல்வது. எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

தாத்தா வீட்டுக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. பறையை எடுத்துக் காய்ச்சினார். "யாரு சாவு?" என்று ஆயா கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. முதலில் சேரியில் அடித்தார். அப்புறம் ஊர்த்தெருவில் நுழைந்து அங்கேயும் அடித்துக்கொண்டு போனார். செய்தி அரைகுறையாகத்தான் காதில் விழுந்திருந்தது. மீதியை அவரே சொன்னார். அல்ஜீரியாவில் விடுதலைப் போரின்போது போராளிகளின் வானொலியைப் பிரெஞ்சுக்காரன் இரைச்சல் போட்டு அமுக்குவான், ஒருத்தர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக் கிடைத்த துண்டுகளைச் சொல்ல, அறையில் இருப்பவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்று ஃபனான் எழுதியிருக்கிறார். அங்கே இரைச்சல் போட்டவன் அந்நியன். இங்கே பாட்டுப் போட்டார்கள்.

தெருவில் என்ன சொல்லி அடித்தார் என்று ஆயாவைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "டாக்டரு பூட்டாரு, நம்ம டாக்டரு பூட்டாருன்னாரு. வேற ஒண்ணியும் சொல்லல" என்பாள். ஊரில் சிலர் ஏதோ வைத்தியர் செத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். யார் உத்தரவில் அடித்தாய்? ஊர் சொல்லாமல் ஊர்த்தெருவில் எப்படிச் சாவு அடிப்பாய்? இரண்டு ரூபாய் அபராதம், அந்த அறுப்புக்குக் களத்துநெல் கிடையாது. தாத்தா அபராதத்தைக் கட்டினார். அதற்கப்புறம் பறையைத் தொடவில்லை. ஊரில் அடுத்து விழுந்த சாவுக்கு ஆள்விட்டபோது வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்கும் பட்டிருக்கிறார்கள், வேலை இல்லாமல், மாட்டுக்குப் புல்லறுக்க வரப்பில்லாமல். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இங்கேதான் எனக்கும் ஆயாவுக்கும் சண்டை. எம்.ஏ. படிக்கும்போது நான் பறை கற்றுக்கொண்டேன். பறை இழிவு இல்லை, கலை, நம் ஆயுதம் என்று பேசினேன், எழுதினேன், ஏப்ரல் 14இல் மேடையேறி அடித்தேன். ஆயா ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. "அவரு ஒரே ஒரு வாட்டி தனக்காவ அடிச்சாரு. அதோட வெச்சிட்டாரு. நீ அத்த எடுத்து டவுன்ல காட்டினிருக்க" என்றாள். நான் வாதாடினேன். தாத்தா அன்றைக்கு அடித்ததும் நான் அடிப்பதும் ஒன்றுதான், யாரும் உத்தரவு போடாமல் அடிப்பது, நம் வாயால் நம் சொல்லைச் சொல்வது என்றேன். ஒரே தோல், ஒரே குச்சி, ஆனால் ஏவப்பட்டு அடித்தால் அடிமைத்தனம், தானாக அடித்தால் விடுதலை என்று விளக்கினேன். ஆயா கேட்டாள்: "ஒன்ன யாரும் ஏவலன்னு ஒனக்கு எப்டித் தெரியும்?" கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டு, வாசலில் நிறுத்தி, அமைச்சர் வரும்போது அடிக்கச் சொன்ன அனுபவம் எனக்கு அப்போதே இரண்டு முறை ஆகியிருந்தது. ஆயாவிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதித்தது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று உத்தரவு. சரியான உத்தரவு, வரவேற்கிறேன். ஆனால் ரேடியோ வந்து அத்தனை வருஷம் கழித்தும் ஒரு மனுசத் தொண்டை தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் குறிப்பிட்ட சாதியின் தொண்டை தேவைப்பட்டிருக்கிறது என்பதையும் அந்தத் தேதி சொல்கிறது.

சுவரின் கதைக்கு வருகிறேன். 1960களில் காலனிக்குத் தனியாக ஒரு ரேடியோ கொடுக்கிறோம் என்றார்கள். தனிக்கிணறு, தனிச்சுடுகாடு போலத் தனி ரேடியோ. தாத்தா வேண்டாம் என்றார். 1927இல் மகாத் குளத்துக்குப் போனபோது அம்பேத்கர் சொன்னதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்காததால் நாம் செத்துவிடவில்லை, நாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்பது அவர் பேசியதன் பொருள். தாத்தாவின் வாதமும் அதுதான். நமக்குப் பாட்டு வேண்டியதில்லை, திண்ணை வேண்டும். தனிப்பெட்டி வாங்கினால் திண்ணையை எழுதிக்கொடுத்த மாதிரி. பெரியப்பா கட்சி வாங்கிக்கொள்வோம் என்றது. கடைசியில் வாங்கினார்கள். தாத்தா அந்தப் பெட்டி பக்கம் போகவே இல்லை.

பல வருஷம் நான் தாத்தா கட்சி. தனியாகக் கொடுக்கிற சமத்துவம் சமத்துவமே இல்லை என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன். இன்றும் கொள்கையாகக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒருநாள் ஆயா சொன்னது என்னைத் தடுக்கிவிட்டது. "அந்தப் பெட்டி காலனிக்கு வந்தப்பறந்தான்டா நான் ரேடியோன்னு ஒண்ணக் கேட்டேன்." தாத்தாவுக்குத் திண்ணை கிடைத்திருந்தால் ஆயாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? திண்ணையில் ஊர்ப் பெண்களே உட்கார்ந்ததில்லை. சுவரோரத்துக்குக்கூட வர முடியாதவர்களுக்குக் காலனி நடுவில் வேப்பமரத்தடியில் வைத்த பெட்டிதான் முதல் பெட்டி. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்கள். சத்தமாக எதிர்த்துப் பேசினார்கள், ரேடியோவைப் பார்த்து. நாத்து நட்டு முதுகு ஒடிந்து வந்த பெண்கள், விவசாய நிகழ்ச்சியில் நடவு பற்றிப் பேசுகிற ஆம்பிளைக் குரலைக் கேட்டு, "நீ வந்து ஒரு ஏக்கரு நட்டுப் பாரேன்" என்பார்களாம். தாத்தாவுடைய கேட்டலைவிட அது ஒரு படி மேலான கேட்டல் என்றுகூட எனக்குச் சில சமயம் படுகிறது. தாத்தா தோற்றார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருடைய கொள்கைக்குள் ஆயா இல்லை என்றுதான் அர்த்தம். நம் இயக்கங்களின் பல கொள்கைகளுக்கும் இதே கதிதான். அதைச் சொன்னால் தோழர்களுக்குக் கோபம் வருகிறது.

அதே அறுபதுகளில் தஞ்சாவூரில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியது. வானொலி விவசாய நிகழ்ச்சிகள் மூலமாகப் பரவியதால் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர். வானொலி சொல்லிக்கொடுத்தது நிலக்காரருக்கு. நட்டதும் அறுத்ததும் நம் சனம். விளைச்சல் கூடியது என்பதும் அவர்கள் காதில் விழத்தானே செய்யும். கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. காதில் விழுவதை இந்தச் சமூகம் பொறுத்துக்கொள்ளும். கேட்டால் என்ன நடக்கும் என்பதை வெண்மணியிலும் பார்த்தோம், இரண்டு ரூபாய் அபராதத்திலும் பார்த்தோம்.

காலனி ரேடியோ எத்தனை வருஷம் ஓடியது என்று ஆயாவுக்குச் சரியாகத் தெரியாது. பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் வர மாசக்கணக்கில் ஆகும். அப்புறம் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. பெட்டி யார் வீட்டுக்குப் போனது என்பதில் இன்னும் இரண்டு குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆயா நாலு வருஷத்துக்கு முன் தவறிப்போனாள். தனக்குப் பறை அடிக்கக் கூடாது என்று முன்னமே சொல்லிவைத்திருந்தாள். எனக்குத்தான் குறிப்பாகச் சொன்னாள். என் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் பறையோடு வந்து இறங்கிவிட்டார்கள், ஆயாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று. சொந்தக்காரர்களும் அடிக்கத்தான் வேண்டும் என்றார்கள், அடிக்காமல் எடுத்தால் கேவலம் என்றார்கள். பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. பறையெல்லாம் வேனிலேயே கிடந்தது. சாவுசேதி சொல்ல நாங்கள் யாரையும் எங்கேயும் நடக்கவிடவில்லை. எல்லோருக்கும் போனில் சொன்னோம். ஒரு பெரியம்மாவுக்குக் காது மந்தம். அவளுக்கு மட்டும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.